முப்பத்தொண்டுக்கு முதல் எடுத்த பெட்டியள்

பின்னேரம் ஆறு மணி. மார்கழி மாசம். ஆறு மணியெண்டால் இஞ்ச கும்மிருட்டெண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஓல்ட் ஃபின்ச் றோட் தெரியுமெல்லே? மிருகக்காட்சிச்சாலைக்குப் பின்பக்கத்தால போறது. ரெண்டு பக்கமும் காடு. லைற் இல்லை. ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய இரும்புப் பாலம் ஒண்டு... ஓம், உதே பாலம்தான். உங்கட பெடியள் அதைப் பற்றி ஆயிரம் கதை சொல்லுவாங்கள். இது அந்தக் கதை இல்லை. பாலம் பாவம், அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. துஷாந்த், போனை அணை. கரண்ட் போனால் போகட்டும், உந்த மெழுகுதிரி காணும். சீட்டையும் கவிட்டு வை. உன்ர கையில என்ன கிடக்கெண்டு எல்லாருக்கும் தெரியுது.

அந்த றோட்டில ஒரு வான் போகுது. வானுக்குள்ள ரெண்டு பேர். வான் ஓடுறவன் பிரியந்தன். பக்கத்தில இருக்கிறது எங்கட றூபன். றூபன்ர தங்கச்சி சாம்பவியைக் கட்டினவன்தான் பிரியந்தன், வெக்ஸ்போர்ட்டில வீடு. நாலு-ஓ-ஒண்டு பெருந்தெருவில அக்சிடென்ற் எண்டு இந்தக் காட்டுப் பாதையால வந்தவங்கள்.

பிரியந்தன் சிரிச்சுக்கொண்டு வாறான். ஒரு கையால ஓடிக்கொண்டு, மற்றக் கையின்ர பெருவிரலை றூபன்ர மூக்குக்கு முன்னால பிடிச்சுக் காட்டுறான்.

"இது காணும் மச்சான், வேற ஆயுதம் தேவையில்லை. இந்த ஒரு விரல் காணும்."

அந்தப் பெருவிரல் நகத்தில கறுப்பா ஏதோ ஒட்டிக்கொண்டு கிடக்கு. வானுக்குப் பின்னால, போர்வை சுத்தின ரெண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டி. பாலத்தில மற்றப் பக்கத்துக் கார் போகட்டுமெண்டு வானை நிப்பாட்டினவன். சிரிப்பும் நிண்டது... அப்பதான் கேட்டது.

பின்னுக்கு ஒரு செருமல்.

வயது போன மனுசர் கதைக்க முதல் தொண்டையைச் செருமுவினமே. அப்பிடி. ரெண்டு தரம். அதோட கோடாலித் தைல மணம்... கண் எரியிற அளவுக்கு.

றூபன் திரும்பிப் பாத்தவன். பெட்டியள் கிடக்கு. வேற ஒண்டுமில்லை. வயர் கூடக் கொழுவேல்லை, அதுகள் தனியச் சீற்றில சுருட்டிக் கிடந்தது. பிரியந்தனைப் பாத்தான். பிரியந்தன் நேர றோட்டைப் பாத்துக்கொண்டு, "ஹீற்றர் சத்தம்" எண்டானாம். ஹீற்றர் செருமுமோ? சொல்லுங்கோ பாப்பம்.

அந்தப் பெட்டியள் எப்பிடி வந்ததெண்டு சொல்லுறன். சொல்லேக்கையே எனக்குப் பத்திக்கொண்டு வருது.

பிரியந்தன் பழைய ஸ்பீக்கர் வாங்கி விக்கிறவன். உங்கட சின்னப் பிளாஸ்ரிக் குரும்பட்டியள் இல்லை... எழுபதாம் ஆண்டுகளில இங்கிலாந்தில செய்தது, அசல் மரம், ஒரு ஆளாத் தூக்க ஏலாது. அதுகளுக்கெண்டே விசர் பிடிச்ச சனம் இருக்கு, நல்ல விலை குடுக்கும். அவனுக்கு அதில கெட்டித்தனம் இருந்தது, இல்லையெண்டு சொல்லேல்லை. பெட்டியைக் கண்டால் முதல் விரலை மடக்கித் தட்டுவான். டொக்... டொக். இடக்காதை மரத்தோட வைச்சுக் கேப்பான். தட்டின சத்தத்திலயே பெட்டி அசலோ, இடையில ஆரும் திறந்து நோண்டினதோ எண்டு சொல்லிப் போடுவான். தட்டி முடிச்சாப் பிறகு முன்துணியைக் கழட்டுவான். நடுவில இருக்கிற, அதிர்ந்து சத்தம் போடுற கடுதாசிக் கூம்பை, கோன் எண்டுவினம், பெருவிரலால மெல்ல அமத்துவான், உள்ளுக்கு உரசுதோ எண்டு பாக்க. அவ்வளவுதான். அந்த இடக்காதுதான் அவன்ர சோறு. தன்ர காதைத் தங்கக் காது எண்டு தானே சொல்லித் திரிஞ்சவன்.

சரி, வாங்கி வில். ஆர் வேண்டாமெண்டது? ஆனா அவன் எங்க தேடுறவன் தெரியுமே? விடிய எழும்பினவுடன மரண அறிவித்தல் பாப்பான். எண்பதுகளில வந்து, வசதியா இருந்து, பாட்டு ரசிச்ச மனுசர் ஆராவது செத்துப் போட்டினமெண்டால், தெரியுதோ தெரியேல்லையோ, கறுப்புச் சேட்டைப் போட்டுக்கொண்டு செத்த வீட்டுக்குப் போவான். பேஸ்மென்றில என்ன கிடக்கெண்டு மெல்ல விசாரிப்பான். ரதி, நீ முகத்தைச் சுளிக்கிறாய். சுளி, சுளி. இன்னும் கிடக்கு.

ரூஜ் பக்கத்தில ஜெயரட்ணத்தார் எண்டு ஒருத்தர் செத்துப் போனார். பார்வைக்கு வைச்ச அண்டு இவனும் போய் நிண்டவன். சவப்பெட்டிக்குப் பக்கத்தில ரீவியில அவற்ற பழைய படங்கள் ஓடுது. கலியாணப் படம், பேரப்பிள்ளையளோட எடுத்த படம். சனம் பாத்து அழுது. இவன் பாக்கேல்லை அவரை. ஒரு படத்தில அவர் கதிரையில இருக்கிறார், தோளுக்குப் பின்னால ஒரு மூலை தெரியுது... ஒரு சாண் மரம், ஒரு வெள்ளிக் குமிழ். இவனுக்குக் காணும். மொடல் தெரிஞ்சு போச்சு. வீட்டில தண்ணி ஏறிப் பெட்டி பழுதாப்போன அதே மொடல் ஒரு சோடி அவனிட்ட ஏற்கெனவே கிடந்தது. பெட்டிதான் பழுது, உள்ளுக்குக் கோன் நல்லாயிருந்தது. இதை ஞாபகத்தில வைச்சுக்கொள்ளுங்கோ.

எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிஞ்சு கொஞ்ச நாள் போக, வீட்டுக்குப் போனவங்கள். றூபனை வானுக்குள்ள இருக்கச் சொல்லிப்போட்டு இவன் மட்டும் உள்ளுக்குப் போனான். அவற்ற மனிசி மங்கையற்கரசி தனிய இருக்கிறா. ஹோலில அவற்ற படம், விளக்கு எரியுது. ரெண்டு பக்கமும் அந்த ஸ்பீக்கர். அவற்ற கதிரை நடுவில, ஒருத்தரும் இருக்கிறேல்லை. இவன் ஸ்பீக்கரை விலைக்குக் கேட்டான்.

"வாங்கும் தம்பி, நான் குடுக்கமாட்டன் எண்டு சொல்லேல்லை" எண்டிருக்கிறா மனிசி. "எனக்கு உது என்னத்துக்கு? ஆனா முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டி முடியட்டும். அவர் பின்னேரம் ஐஞ்சு மணிக்கு உதில நாதஸ்வரம் கேக்காமல் ஒரு நாளும் இருந்ததில்லை. அந்தியேட்டி முடியுமட்டும் ஆள் வீட்டிலதானே தம்பி. நான் ஒவ்வொரு நாளும் தேத்தண்ணியும் வைச்சு, பாட்டும் போட்டு விடுறனான்."

எங்கட ஆக்கள் எவனாவது இதுக்கு மேல ஒரு கதை கதைப்பானே? செத்தவற்ற சாமானை முப்பத்தொண்டுக்கு முதல் வீட்டால எடுக்கிறதே? சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனா இவனுக்குப் பயம்... முப்பத்தொண்டுக்கு மகன்மார் வருவினம். வந்தால் இன்ரநெற்றில தட்டிப் பாத்து விலையைக் கண்டுபிடிச்சுப் போடுவினம்.

"சரி அன்ரி, பிறகு வாறன். குளிருக்குள்ள வந்தது, ஒரு தேத்தண்ணி தாறீங்களே?" எண்டான்.

மனிசி குசினிக்குப் போச்சுது.

இவன் தட்டினான். டொக்... டொக். இடக்காதை வைச்சுக் கேட்டான். அசல். முன்துணியைக் கழட்டினான். கோனில பெருவிரலை வைச்சான். மெல்ல அமத்தினான்... பிறகு மெல்ல அமத்தேல்லை. விரல் உள்ளுக்குப் போகுமட்டும் குத்தினான். மற்றப் பெட்டிக்கும் அதே குத்து. துணியைத் திருப்பிக் கொழுவிப்போட்டு வந்து பூனை மாதிரி இருந்தான். வீட்டில வேற கோன் கிடக்கு, அவனுக்கென்ன நட்டம்!

ஐஞ்சு மணியாச்சுது. மனிசி தேத்தண்ணியைக் குடுத்துப்போட்டு, அவற்ற படத்துக்கும் ஒரு கோப்பை வைச்சுப்போட்டு, கசெற்றைப் போட்டா.

கர்ர்ர்ர்...

நாதஸ்வரமில்லை. தகரத்தைப் பிறாண்டின மாதிரி. மனிசி பதறிப் போய் நிப்பாட்டினா. திரும்பப் போட்டா. கர்ர்ர்ர்.

"ஐயோ, நேற்றும் நல்லாத்தானே தம்பி பாடினது..."

"பழசு அன்ரி. இத்துப் போச்சு. இனிச் செய்யேலாது. கார்பேஜுக்குத்தான். வேணுமெண்டால் நான் கொண்டுபோய் எறிஞ்சு விடுறன், உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல்?"

மனிசி அழுதிருக்கிறா. அவர் இருந்த கதிரையைப் பாத்து, "நான் என்னப்பா செய்ய" எண்டு கேட்டிருக்கிறா. இந்த நாசமறுவான் கோப்பையைக் கையில வைச்சுக்கொண்டு நிண்டு பாத்தவன். பேந்து றூபனைக் கூப்பிட்டுப் பெட்டியளைத் தூக்கினாங்கள். ஒரு சதம் குடுக்கேல்லை. அதைச் சொல்லித்தான் அந்தக் காட்டு றோட்டில விழுந்து விழுந்து சிரிச்சவன்.

அண்டிரவே கிழிஞ்ச கோனுகளைக் கழட்டி எறிஞ்சுபோட்டு நல்லதுகளைப் போட்டான். பேஸ்மென்றில வைச்சுப் பாட்டுப் போட்டான். தேன். வயரைக் கழட்டிச் சுருட்டி வைச்சுப்போட்டு மேல வந்து நல்லா நித்திரை கொண்டான்.

அடுத்த நாள் பின்னேரம் சாம்பவி தேத்தண்ணி ஊத்துறாள். கீழயிருந்து...

கர்ர்ர்ர்.

"என்னப்பா போட்டு வைச்சிருக்கிறியள்?" எண்டாள். இவன் இறங்கிப் போனான். வயர் சுருட்டினபடி தட்டில கிடக்கு. பெட்டியள் சும்மா நிக்குது. இவன்ர பழக்கம்... போய் இடக்காதைப் பெட்டியோட வைச்சான்.

ஒண்டுமில்லை.

ஒண்டுமில்லை...

பேந்து, காதுக்குள்ளயே, சுடச்சுட ஒரு மூச்சு. கோடாலித் தைல மணம். செருமல். ரெண்டு தரம்.

துள்ளி எழும்பினவன் மேல குழாயில மண்டை அடிபட்டு விழுந்தான். சாம்பவி மேல நிண்டே கேட்டிருக்கிறாள், "ஆரோட கதைக்கிறியள்? ஆர் வந்திருக்கினம்?" எண்டு.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும். ஐஞ்சு மணிக்கு. போர்வையால மூடினான், கேட்டது. கார் கராஜுக்குள்ள கொண்டுபோய் வைச்சான், கேட்டது. பிரியந்தனுக்குப் பயத்தை விடக் கோபம். "கிழவா, செத்தனியெல்லே, செத்தபடி கிட" எண்டு பெட்டியை உதைஞ்சிருக்கிறான். அண்டைக்குத் தொடங்கினது இடக்காதுக்குள்ள ஒரு கடி, அரிக்கிற மாதிரி. சாம்பவி விசயத்தைக் கறந்து எடுத்துப்போட்டாள். "முப்பத்தொண்டுக்கு முதலோ எடுத்தனீங்கள்? உங்களுக்கென்ன மூளை கழண்டு போச்சோ? கொண்டுபோய்க் குடுங்கோ!" எண்டு கத்தினாள். பேஸ்மென்றிலதான் உடுப்புத் தோய்க்கிற மிசின், அவள் அதுக்குப் பிறகு கீழ இறங்கவே இல்லை. ரெண்டு கிழமை ஊத்தை உடுப்போட திரிஞ்சதுகள். சிரியுங்கோ, சிரியுங்கோ. அவளுக்குச் சிரிப்பு வரேல்லை.

குடுத்தானோ? குடுக்கேல்லை. யூட்சன் எண்டு மார்க்கம் ரவுணில ஒரு பெடியன், ஊரில மன்னார்ப் பக்கம், இந்தப் பெட்டியளுக்காக வருசக் கணக்காத் தேடித் திரிஞ்சவன். அவனைக் கூப்பிட்டான். யூட்சன் வந்து நடுவில இருந்து, கண்ணை மூடிக்கொண்டு கேக்கிறான்.

"அண்ணை, என்ன சத்தமண்ணை இது! இடப்பக்கத்தைப் பாருங்கோ, அப்பிடியே இழையுது."

பிரியந்தனுக்கு இடப்பக்கம் ஒண்டும் கேக்கேல்லை. வலப்பக்கம் மட்டும் பாடுது. வயரை மாத்திக் கொழுவினான். அப்பவும் வலப்பக்கம் மட்டும்தான். பெட்டியில பிழையில்லை, பிழை தன்ர காதில எண்டு அவனுக்கு அப்ப விளங்கினது. "கெதியா ஏத்தும் தம்பி, கெதியா" எண்டு தானே தூக்கி யூட்சன்ர வானில ஏத்தி விட்டான்.

அந்தப் பெட்டியளுக்கு ஒரு குறையும் இல்லை, அதையும் சொல்லிப்போடுறன். யூட்சன்ர வீட்டில இண்டைக்கும் நல்லாப் பாடுது. ஒரு செருமல் இல்லை, ஒரு மணம் இல்லை.

பெட்டி போச்சு, சனியன் விட்டுது எண்டு அடுத்த நாள் பின்னேரம் பிரியந்தன் காலை நீட்டிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறான். மணிக்கூட்டைப் பாத்தான். ஐஞ்சு.

கர்ர்ர்ர்.

இந்த முறை கீழயிருந்து இல்லை. தலைக்குள்ள இருந்து. இடக்காதுக்குள்ள. அதோட ஒரு குத்து... கோப்பை கை நழுவி விழுந்து, அவன் நிலத்தில கிடந்து துடிச்சிருக்கிறான். காதைப் பொத்தின கையை எடுத்துப் பாத்தால், பெருவிரல் முழுக்க ரத்தம்.

கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனது றூபன். டொக்டர் ஒரு பொம்பிளை, லைற் அடிச்சுப் பாத்தவ. பாத்துக்கொண்டே இருந்தவ. "என்னத்தால குத்தினனீர்?" எண்டா. ஒண்டாலயும் குத்தேல்லை எண்டான். "செவிப்பறை கிழிஞ்சு கிடக்கு. நகம் பட்ட மாதிரி அரைவட்டமா. ஆனா குத்தினால் தோல் உள்ளுக்கு மடியும்..." எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பவும் லைற் அடிச்சா. "உம்முடையது வெளியால மடிஞ்சு கிடக்கு" எண்டா.

உள்ளுக்கிருந்து. விளங்குதே?

றூபன் வானுக்குள்ள வைச்சுச் சொன்னான், "மச்சான், ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அந்தியேட்டி. ஐயர் இருக்கேக்கையே போ. போய் அந்த மனிசின்ர காலில விழு. நான் வாறன் கூட." பிரியந்தன் ஓம் எண்டவன். ஞாயிற்றுக்கிழமை போனவங்கள். அங்க வாசல் முழுக்கக் காரும் சனமும். மகன்மார் வெளியில நிக்கிறாங்கள். இவனுக்கு வெக்கம் பிடுங்கித் தின்னுது. "சனம் போகட்டும் மச்சான், சனம் போகட்டும்" எண்டு வானுக்குள்ளயே இருந்தான். ஐயர் போனார். சாப்பிட்ட சனம் போச்சு. எல்லாம் முடிஞ்சாப் பிறகுதான் கதவைத் தட்டினது.

மங்கையற்கரசி கதவைத் திறந்து, இவன்ர காதில ஒட்டியிருந்த பஞ்சைத்தான் முதல் பாத்தா. உள்ளுக்கு வரச் சொன்னா.

படத்துக்கு முன்னால படையல். சோறு, கறி, பலகாரம். அதுகளுக்கு நடுவில ஒரு வெள்ளைத் தேத்தண்ணிக் கோப்பை, கழுவாதது. கோப்பையில ஒரு பெருவிரல் அடையாளம். கறுப்பா. அந்தப் பக்கத்தைப் படத்துக்கு நேர திருப்பி வைச்சிருக்கு.

கோனின்ர ஓரத்தில கறுப்புப் பசை தடவியிருப்பினம், கையில பட்டால் லேசில போகாது. பிரியந்தனுக்கு அது தெரியும். தெரிஞ்சவன் அண்டைக்குக் கோப்பையைப் பிடிக்கேக்க யோசிக்கேல்லை.

விழுந்தான். மனிசின்ர காலைப் பிடிச்சான். "அன்ரி, நான் செய்தது பிழை, பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாறன், ஐயரைத் திருப்பிக் கூப்பிடுங்கோ, அவரை அனுப்பி விடுங்கோ அன்ரி" எண்டு குளறினான். றூபன் வாசலில நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டவன்.

மனிசி காலை இழுத்துக்கொண்டா. குரலை உயர்த்தேல்லையாம்.

"நீர் கொண்டுபோன அண்டைக்கே இந்த வீட்டில அவற்ற மணம் நிண்டு போச்சு தம்பி. தைல மணம். நான் தேத்தண்ணி வைக்கிறன், ஆள் இல்லை. எங்க போயிட்டார் எண்டு எனக்குத் தெரியும். இண்டைக்கு ஐயர் கேட்டவர், அம்மா, எல்லாம் நிறைவோ, ஆளை வழியனுப்பலாமோ எண்டு. அவர் இஞ்ச இல்லை எண்டு தெரிஞ்சுகொண்டுதான் நான் ஓம் எண்டனான்."

"அன்ரி..."

"அந்தியேட்டி ஒருக்காத்தான் தம்பி. அவர் உம்மோடயே இருக்கட்டும். பாட்டெண்டால் அவருக்கு உயிர். உமக்கும் நல்ல காதெண்டு சொல்லுகினம்."

கதவைச் சாத்திப்போட்டா.

இப்ப பிரியந்தன் ஸ்பீக்கர் வாங்கிறேல்லை. இடக்காது சரியாச் செவிடு, பக்கத்தில நிண்டு வெடி கொளுத்தினாலும் கேக்காது. ஐஞ்சு மணிக்கு மட்டும் அதுக்குள்ள நாதஸ்வரம் கேக்குதாம். கிழிஞ்ச நாதஸ்வரம். ஒரு மணித்தியாலம். வலக்காதுதான் மிச்சம், அதாலதான் பிள்ளையளின்ர சத்தம் கேக்கிறான். அதையும் பறிகுடுத்துப் போடுவன் எண்டு இரவும் பகலும் பஞ்சு அடைஞ்சுகொண்டு திரியிறான். என்னத்துக்குப் பஞ்சு? வெளியில இருந்தோ வருது?

றூபன் இண்டைக்கு ஏன் சீட்டுக்கு வரேல்லை எண்டு கேட்டனீங்கள். சொல்லுறன். பின்னேரம் அவன் தங்கச்சி வீட்டுக்குப் போனவன். பிரியந்தன் குசினி மேசையில இருக்கிறான். முகத்தில ரத்தமே இல்லை. ரெண்டு கையாலயும் வலக்காதைப் பொத்திப் பிடிச்சிருக்கிறான். என்ன மச்சான் எண்டு றூபன் கேட்டான். சொண்டு மட்டும் அசைஞ்சது.

"தட்டுறார்."

றூபனுக்கு விளங்கேல்லை. கிட்டப் போய்க் குனிஞ்சான். அவனுக்கும் கேட்டதாம்... தலைக்குள்ள இருந்து. மரத்தில தட்டின மாதிரி, விரலை மடக்கி.

டொக்...

டொக்.

பேந்து ஒரு சத்தமும் இல்லை. பிரியந்தன் மெல்லக் கையை எடுத்தான். தன்ர பெருவிரலைப் பாத்தான், பேந்து றூபனை நிமிந்து பாத்தான்.

"தட்டி முடிஞ்சுது மச்சான்" எண்டான்.